கிழக்கே பார்த்த தட்டுகள்

சாய்ந்தமருதில் என் மாமாவின் வீட்டுக்கு மேல்மாடி எடுப்பதற்காகக் கடந்த ஆண்டு மொட்டைமாடியைத் துப்புரவாக்கியபோது, அங்கே முப்பது ஆண்டுகளாக நின்ற எட்டடி டிஷ்ஷையும் கழற்ற வேண்டியதாயிற்று. பழைய இரும்பு வாங்குபவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அலுமினிய வலைக்கு ஒரு விலையும் துருப்பிடித்த சட்டத்துக்கு ஒரு விலையும் சொன்னார். தட்டைத் தாங்கிய மூன்றங்குலக் குழாயைச் சீமெந்திலிருந்து பிடுங்க முடியவில்லை. அதன் கழுத்தில் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடும் பக்கத்தில் '105' என்ற எண்ணும் இருந்தன. மாமா 1994இல் தன் கையால் எழுதியவை. எழுதியவர் மௌத்தாகி ஒன்பது ஆண்டுகளாகின்றன.

அந்தக் கோட்டைப் பார்த்த பின்னர்தான் எமது கரையோர ஊர்களின் தொலைக்காட்சி வரலாற்றை ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. கல்முனைக்குடி, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எமது ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிவாசல்களையும் நெல்வயல்களையும் கைத்தறியையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கூரைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கதை கொழும்பில் தொடங்குகிறது. ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரித்தானிய சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால், அது பூமியோடு ஒரே வேகத்தில் சுழன்று, கீழேயிருந்து பார்ப்பவனுக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். அக்கட்டுரை வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்தபின் அவர் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். கிழக்குக் கரைக்கும் அவர் அந்நியரல்லர். திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவர்.

1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியா ஒரு பெரும் பரிசோதனை நடத்தியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செய்மதியை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். கோழிக்கூட்டு வலையால் செய்த மூன்று மீற்றர் தட்டுகள் கிராமங்களில் நாட்டப்பட்டன. அச்சமயம் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கும் வந்து, கிளார்க்கின் வீட்டில் ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தார்கள். ஒரு தனிமனிதரின் வீட்டில் வைக்கப்பட்ட செய்மதித் தட்டுகளில் உலகிலேயே மிக முந்தியவற்றுள் அது ஒன்று. இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும்தான் வந்தன. ஊருக்கு மின்சாரம் வருமுன்பே ஒருவர் வீட்டில் மின்விசிறி சுழன்றதைப் போன்ற சங்கதி இது.

ஒரு விடயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எஸ்.-6 அப்போது கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகையில், ஆபிரிக்காவுக்கு மேலே நின்றது. ஆகவே கிளார்க்கின் தட்டு மேற்கே பார்த்தது.

எமது ஊர்களில் முதலில் கூரையேறியது தட்டு அல்ல, மீன் முள்ளைப் போன்ற அன்டெனா. ரூபவாஹினியின் பிரதான அலைபரப்பி நாட்டின் அதியுயர்ந்த மலையான பிதுருதலாகலையில் இருந்தது. எமக்கு அது தென்மேற்குச் சாய்வான மேற்கில், 120 கிலோமீற்றருக்கு அப்பால். கமுகந்தண்டின் நுனியில் அன்டெனாவைக் கட்டி, கடலுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்து நிறுத்துவார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்தவர்களுக்கு 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் அலைபரப்பியினால் தமிழ்நாட்டுத் தூரதர்ஷன் கிடைத்தது. அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது எமக்குப் பொறாமையாக இருக்கும். நாங்களோ மலைத்தொடரின் மறுபக்கத்தில், அதற்கு எட்டாத தொலைவில் இருந்தோம். எமக்கு ரூபவாஹினியின் சொற்பத் தமிழ் நேரமும் இரவில் வானொலியும்தான்.

அந்த வானொலியின் அருமை 1990இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டபோது, முப்பத்தைந்து கிலோமீற்றர் தெற்கே இருந்த நாங்கள், நடந்தது என்னவென்பதை லண்டனிலிருந்து பேசிய தமிழோசையில்தான் கேட்டுத் தெளிந்தோம். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பக்கத்து ஊரின் செய்தி ஆறாயிரம் மைல் சுற்றி வருகிறதே என்ற வியப்பும் கோபமும் பிற்காலத்தில் நான் இத்தொழிலைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

அதே 1990 ஏப்ரலில், எமக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாததுபோல் தோன்றிய ஒரு சம்பவம் நடந்தது. சீன ரொக்கெட் ஒன்று ஆசியாசாட்-1 என்ற செய்மதியை ஏற்றிச் சென்றது. இந்தச் செய்மதிக்கு ஒரு முன்கதை உண்டு. 1984இல் வெஸ்டார்-6 என்ற பெயரில் அமெரிக்க விண்ணோடத்திலிருந்து விடப்பட்டு, உந்துபொறி பழுதாகி வழிதவறிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு விண்ணோடப் பயணத்தில் விண்வெளி வீரர்கள் அதைக் கையால் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தனர். பழுது பார்த்து விற்ற அந்தப் பழைய செய்மதிதான் ஆசியாவின் கூரைகளை மாற்றியது. கிழக்கு 105.5 பாகையில் நின்ற அதிலிருந்து 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி தொடங்கியது. 1992 ஒக்டோபரில் ஸீ வந்தது. 1993 ஏப்ரலில் சென்னையில் சன் தொலைக்காட்சி பிறந்ததும் தமிழும் வானத்திலிருந்து இறங்கத் தொடங்கிற்று.

சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் உழைத்துத் திரும்பியவர்களால்தான் டிஷ் எமது ஊருக்குள் நுழைந்தது. மாமா ஜித்தாவில் எட்டு வருடம் மின்வேலை செய்தவர். வரும்போது ரிசீவரைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்தார். தட்டைக் கொழும்பில் வாங்கி, இதழ் இதழாகக் கழற்றி லொறியில் ஏற்றினார். வழியிலிருந்த சோதனைச்சாவடிகளில் இது என்ன, எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைத்துப்போனதாகச் சொல்வார்.

இனி அதை நிறுவிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இன்று மூன்று நிமிடக் காணொளி பார்த்துவிட்டுக் கூரையேறும் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

குழாய் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே முதலாவது பாடம். மாமா தூக்குக்குண்டைக் கட்டி நான்கு புறமும் பார்த்தார். அது அரைப் பாகை சாய்ந்தாலும் பிறகு செய்யும் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். அடுத்து, ஏற்றக்கோணம். கல்முனை வடக்கு 7.4 பாகையில், மத்திய கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. செய்மதிகளோ மத்திய கோட்டுக்கு நேர்மேலே வரிசையாக நிற்கின்றன. அதனால் எமக்கு அவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. 83 பாகையில் நிற்கும் இந்திய செய்மதியைப் பார்க்கத் தட்டை 81 பாகை நிமிர்த்த வேண்டும். மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த தாச்சியைப் போல் கிடக்கும். உண்மையிலேயே தண்ணீர் பிடிக்கும். வலைத்தட்டென்றால் ஒழுகிவிடும், முழுத்தகட்டுத் தட்டு வாங்கியவர்கள் அடியில் துளையிடாவிட்டால், மாரி மழைக்குள் படம் மங்கி, நுளம்பும் பெருகிற்று. ஆனால் ஒரு வசதி: பக்கத்து வளவுத் தென்னைகள் மறைப்பதில்லை. ஐரோப்பாவில் இருக்கும் எமது உறவினர்கள் அடிவானத்தைப் பார்த்துத் தட்டை வைத்துவிட்டு, முன்வீட்டு மரத்தோடு சண்டை பிடிப்பதை நினைத்துக்கொள்வேன்.

105.5 பாகைச் செய்மதிக்கு ஏற்றக்கோணம் 61 பாகை. திசைக்கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 106 பாகை. அதாவது நேர்கிழக்கிலிருந்து பதினாறு பாகை தெற்கே. மாமாவிடம் இருந்தது கிப்லா பார்க்கும் திசைகாட்டி. ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த அந்தச் சிறிய பித்தளைப் பெட்டியை எமது ஊரில் திறந்தால், கிப்லா வடக்கிலிருந்து 66 பாகை மேற்கே நிற்கும். ஒரே பெட்டியைக் கொண்டு ஒருவர் மேற்கே தொழுகையின் திசையையும் கிழக்கே தொலைக்காட்சியின் திசையையும் பார்த்தது அந்நாளில் சிலருக்குப் பிடிக்கவில்லை. மாமா சிரித்துக்கொண்டே, "திசை எல்லாம் அவன் படைச்சதுதானே" என்று சொல்லி வேலையைப் பார்த்தார்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் எல்.என்.பி.யின் திருகல். அலைகள் செங்குத்து, கிடை என்று இருவகையாக வருகின்றன. இந்தக் 'கிடை' செய்மதிக்குக் கிடை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் அது சாய்ந்து தெரியும். மத்திய கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். இந்தியாவின் இலவச அலைவரிசைகள் வரும் 93.5 பாகைச் செய்மதிக்கு டில்லியில் எல்.என்.பி.யை 27 பாகை திருகினால் போதும். கல்முனையில் 57 பாகை திருக வேண்டும். 105.5க்கு 72 பாகை. பெட்டிக்குள் வரும் விளக்கத்தாள் டில்லிக்காரருக்காக எழுதப்பட்டது. அதைப் பார்த்து நேராக மாட்டிவிட்டு, பாதி அலைவரிசைகள் வரவில்லை என்று ரிசீவரை ஏசிய வீடுகள் பல.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வேலை தொடங்கிற்று. பதினான்கு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை மாடிக்கு ஏற்றும் யோசனை மாமாவுக்கு அன்று தோன்றவில்லை. அவர் மேலே தட்டைப் பிடித்திருக்க, நான் கீழே மண்டபத்தில் திரையைப் பார்த்திருக்க, நடுவில் படிக்கட்டில் என் தம்பி. "படம் வருதா மகன்?" என்று மேலிருந்து கேள்வி வரும். திரையில் புள்ளி மழைதான் கொட்டும். எட்டடித் தட்டின் பார்வை இரண்டு பாகை அகலம்தான். ஒரு விரற்கடை தள்ளினால் செய்மதி போய்விடும். அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் புள்ளிகளுக்குள் ஒரு மனிதனின் தோள் தெரிந்தது. "வந்திட்டு, வந்திட்டு! ஆட்டாதீங்க மாமா!" என்று நான் கத்தினேன். அவர் ஆட்டாமல் நிற்க, தம்பி ஓடிப்போய் நட்டுகளை இறுக்கினான். இறுக்கும்போது தட்டு அரைப் பாகை நகர்ந்து, தோள் மறைந்துவிட்டது. மறுபடி மஃரிப் வரை. நட்டை இறுக்கும்போது எப்போதும் எதிர்ப்பக்கத்து நட்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும் என்பதை அன்று கற்றோம். அன்றிரவுதான் அவர் குழாயில் கோடு போட்டு '105' என்று எழுதினார்.

பழைய அனலொக் முறையில் ஒரு நன்மை இருந்தது: குறி அண்மித்தாலே மங்கலாகப் படம் தெரியும். டிஜிட்டலில் அப்படியல்ல, சரியாகப் பொருந்தும்வரை வெறும் கறுப்புத் திரை, பொருந்தியதும் தெளிவான படம். அனலொக்கில் தட்டு வைத்துப் பழகிய கை, டிஜிட்டல் வந்தபோது குருடனைப் போல் தடுமாறியது. இன்னொரு பழைய உத்தி சூரியன். மார்ச் நடுப்பகுதி கழிந்தும் செப்டெம்பர் இறுதியிலும் சில நாட்கள் சூரியன் செய்மதிக்கு நேர்பின்னே கடக்கும். அந்தச் சில நிமிடங்கள் படம் கெட்டுவிடும். ஆனால் அப்போது எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுமையத்தில் விழுந்தால், தட்டு சரியாக நிற்கிறது என்று பொருள். மாமா வருடத்துக்கு இருமுறை, முற்பகல் பத்து மணியளவில், பஞ்சாங்கம் பார்ப்பவரைப் போல் அதைப் பார்ப்பார்.

உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றது. சோடாப் போத்தலை வெட்டி எல்.என்.பி.க்குத் தொப்பி போட்டார்கள். காகம் அதன்மேல் இருந்தால் பிபிசி நடுங்கும். 1990களின் இறுதிக்குள் எமது ஊர்க் கூரைகளில் இத்தகைய தட்டுகள் பரவலாகத் தெரிந்தன. மாலையில் கடற்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்திருக்கும். தமிழ் அலைவரிசைகள் சில பிற்பாடு கட்டணப் பூட்டுக்குள் போயின. இலவசமாகக் கிடைத்தவற்றுக்காகத் தட்டை வேறு செய்மதிகளுக்குத் திருப்பியவர்களும் உண்டு. மாமா திருப்பவில்லை. 1999இல் ஆசியாசாட்-1இன் இடத்துக்கு ஆசியாசாட்-3எஸ் வந்தபோதும் இடம் அதே 105.5தான்.

2004 டிசெம்பர் 16ஆம் திகதி இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் தூரதர்ஷனின் இலவச செய்மதிச் சேவையை 33 அலைவரிசைகளோடு தொடங்கிவைத்தார். இரண்டடித் தட்டு, மாதக் கட்டணம் இல்லை. எமது பகுதியிலும் பிடிக்குமா என்று மாமா என்னைத் தொலைபேசியில் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பத்தாவது நாள் டிசெம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கப்பால் பூமி அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை 6.59. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடத்தில் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஏற்பாடே இருக்கவில்லை. அதிர்ச்சிக்கும் எமது கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் கொழும்பில் இருந்தேன். மாமா பிற்பாடு சொன்னார்: எட்டு மணிக்கு அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், படம் தெளிவாக இருந்தது, எவரும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. கடற்கரைப் பக்கம் குடியிருந்த அவருடைய இரு சகோதரிகளும் தப்பவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மூன்றாம் நாள் நான் ஊருக்குப் போனேன். கல்முனைக்குடியில் கடலோர வீடுகள் அத்திவாரமாகத் தெரிந்தன. கூரையில் இருந்த தட்டுகள் சுருண்டு, முள்வேலியோடு சேர்ந்து கிடந்தன. அவற்றைப் பற்றி அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதும் நேரமும் அல்ல.

பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஓய்வு நாளில், பூமியதிர்ச்சியின் மையம் எமது ஊரிலிருந்து எந்தத் திசையில் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கு 3.3, கிழக்கு 95.9. தொலைவு சுமார் 1,600 கிலோமீற்றர். திசைக்கோணம் 106 பாகை. இருமுறை சரிபார்த்தேன். மாமாவின் கோடும் அதே 106தான். பிளவு அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடியது என்பதால், அலை முழுவதும் அந்த ஒரே கோட்டில் வந்தது என்று சொல்வது சரியாகாது. ஆனால் அது தொடங்கிய புள்ளிக்கு மேலாகத்தான், பத்து வருடங்களாக எமது ஊர்த் தட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன. கிளார்க்கின் சுழியோடிப் பாடசாலையும் அன்று ஹிக்கடுவையில் அழிந்தது. 1883இல் கிராக்கட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்துக்குக் கடல் வந்து போனதை 1957லேயே தமது நூலொன்றில் எழுதியவர் அவர்.

பிறகு எல்லாம் வந்தன. 2005 மே மாதம் அனர்த்த முகாமைத்துவச் சட்டம். கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள். 2007இல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை நிலையம். கடலடியில் கிடக்கும் அழுத்தமானி நீரின் எடை மாறுவதை உணர்ந்து மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்கிறது. மிதவை செய்மதிக்குச் சொல்கிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் அதே சுமாத்திராக் கரைக்கப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது, சில நிமிடங்களில் தொலைக்காட்சிகள் எல்லாம் அதைச் சொல்லின. கரையோர மக்கள் வயல் பக்கமாக ஓடினார்கள். மாமா ஓடவில்லை, தொலைக்காட்சியின் முன்னால் இருந்து, கைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து, "இன்னும் அங்கயா நிக்கிறீங்க?" என்று ஏசிக்கொண்டிருந்தாராம். அன்று பெரிய அலை வரவில்லை.

இப்போது மேல்மாடி கட்டி முடிந்துவிட்டது. பழைய குழாயைப் பிடுங்க முடியாததால், கொத்தனார் அதை நீட்டி மேல்தளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். கோட்டையும் '105'ஐயும் மாமாவின் மகன் நீட்டிய துண்டில் திரும்ப எழுதியிருக்கிறார். சென்ற மாதம் அதன்மேல் மூன்றடித் தட்டொன்றை மாட்டினோம். இந்தியாவில் இதற்கு இரண்டடி போதும். அவர்களுக்கென்று வார்த்த கற்றையின் ஓரத்தில் நாம் இருப்பதால் சற்றுப் பெரிதாக வைப்பது நல்லது. இந்தத் தட்டுகளில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருப்பதால், ஏற்றக்கோணம் 74 ஆனாலும் தட்டின் முகம் ஐம்பது பாகையளவே நிமிர்ந்து தெரியும். பழைய ஆட்கள் ஏமாந்து மேலும் நிமிர்த்திவிடுவார்கள். நானும் நிமிர்த்தினேன். மாமாவின் மகன் கைபேசியில் கோணம் பார்த்துத் திருத்தினார். 93.5 பாகைச் செய்மதிக்குத் திசை 122. பழைய கோட்டிலிருந்து தெற்கே பதினாறு பாகை. மூன்றங்குலக் குழாயில் அது அரை அங்குலம்கூட இல்லை. அங்கே அவர் கறுப்பு மையால் இன்னொரு கோடு போட்டார்.